கடன் இல்லாமல் ஒரு மைசூர் பயணம்

(மாலை வகுப்பில் படிப்போர் கூட்டத்தில் பேசியது)



கோடை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் திருப்பதி போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து தெருவில் கதை சொல்கிறான். அதைக் கேட்டுவிட்டு வந்து, "நம்மளையும் எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். அம்மா அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கிறார்.

இல்லாதவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது தப்பான கேள்வி. ஆண்டு முழுவதும் உழைக்கிற குடும்பம் ஒரு நாள் வெளியே போய்வருவது ஆடம்பரம் அல்ல. அந்த ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் வட்டி கட்டுவதுதான் கொடுமை. கையில் இருக்கிற காசுக்குள் போய்வர முடியுமா? முடியும். அதற்கு மூட்டை கட்டும்போதே வேலை தொடங்கவேண்டும்.

பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். பாட்டி இருக்கிறார், வயது 65. மகளுக்கு 13 வயது. மகனுக்கு 7 வயது. ஆக ஐந்து பேர். தாத்தா காலத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். எல்லோருக்கும் கன்னடம் பேச வரும். கன்னடம் படிக்க வருவது மகளுக்கு மட்டும்தான்.

போன கோடையில் இவர்கள் மைசூர் போனார்கள். கையில் காசு இல்லை. தெருவில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் 5,000 ரூபாய் வாங்கினார்கள். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. அதாவது மாதம் 500 ரூபாய். அசலைத் திருப்பிக் கொடுக்க எட்டு மாதம் ஆயிற்று. எட்டு மாத வட்டி மட்டும் 4,000 ரூபாய். 5,000 ரூபாய்ப் பயணம் 9,000 ரூபாயில் போய் நின்றது. போனது என்னவோ இரண்டு நாள்தான்.

அந்தப் பணம் எப்படிப் போயிற்று என்று பாருங்கள். அப்பாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சென்ட்ரிங் வேலை இல்லை. சரி, கிளம்பு என்றார். அரை மணி நேரத்தில் கிளம்பினார்கள். பஸ் நிலையத்தில் முன்னால் நின்ற சொகுசு பஸ்ஸில் ஏறினார்கள். அதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. மைசூரில் இறங்கி ஆட்டோ பிடித்து மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். வாசல் பூட்டியிருந்தது. அங்கே வாரவிடுமுறை செவ்வாய்க்கிழமை. பையன் அழுதான். ஒட்டகச்சிவிங்கி பார்க்காமல் வரமாட்டேன் என்றான். வேறு வழி இல்லாமல் அறை எடுத்துத் தங்கினார்கள். அறைக்கு 1,200 ரூபாய்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டிக்காக 300 ரூபாய்க்கு ஒரு குடை. பையனுக்கு 150 ரூபாய்க்குத் தொப்பி. தண்ணீர் பாட்டில் 12, விலை 240 ரூபாய். இரவு தங்கியதால் ஒரு துண்டு, 120 ரூபாய். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரையை எடுத்து வரவில்லை. மருந்துக் கடையில் ஓர் அட்டை, 90 ரூபாய். கூட்டிப் பாருங்கள். 900 ரூபாய் வருகிறது. குடை வீட்டில் இரண்டு இருந்தது. தொப்பி, துண்டு, மாத்திரை எல்லாம் வீட்டில் இருந்தது. தண்ணீரும் வீட்டுக் குழாயில் வந்தது. வீட்டில் இருந்த பொருளுக்கே வெளியூரில் 900 ரூபாய் கொடுத்தார்கள். வட்டிக்கு வாங்கிய 900 ரூபாய்!

இந்தக் கணக்கை அம்மா பிறகுதான் போட்டார். அப்போது அவர் மாலை வகுப்பில் சேர்ந்து கூட்டல் கழித்தல் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் வீட்டுச் செலவு ஒன்றைக் கணக்குப் போட்டு வரச் சொன்னார்கள். அம்மா மைசூர்ச் செலவைப் போட்டார். போட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

பொங்கல் சமயத்தில் கடன் அடைந்தது. அம்மா இன்னொரு கணக்கும் போட்டார். மாதம் 500 ரூபாய் வட்டி என்றால் நாளைக்குச் சுமார் 17 ரூபாய். எட்டு மாதமாகக் கொடுத்துப் பழகிய காசுதான். அதோடு 3 ரூபாய் சேர்த்தால் 20 ரூபாய். பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் நாளுக்கு 20 ரூபாய் போட்டார். கூலி வராத நாளில் விட்டுப்போகும். அடுத்த நாள் சேர்த்துப் போடுவார். 100 நாளில் 2,000 ரூபாய் சேர்ந்தது. சித்திரையும் பிறந்தது.

பையன் மறுபடியும் ஒட்டகச்சிவிங்கியை ஆரம்பித்தான்.

"மேஸ்திரிகிட்ட அஞ்சாயிரம் கேட்டிருக்கேன். தர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றார் அப்பா.

"வேணாங்க. டப்பாவுல ரெண்டாயிரம் இருக்கு. அதுக்குள்ள போயிட்டு வருவோம். இல்லேன்னா போகவே வேணாம்."

"ரெண்டாயிரத்துல அஞ்சு பேரா? சோத்து மூட்டையைத் தூக்கிட்டா போறது? பாக்கறவன் சிரிப்பான்."

பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார்: "சிரிக்கிறவன் வந்து வட்டி கட்டுவானாடா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேஸ்திரியிடம் பணம் வாங்கவும் இல்லை.

அப்பா சொன்னதில் வெட்கம் இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. பலருக்கு அந்த வெட்கம் உண்டு. வெளியே போனால் ஓட்டலில் சாப்பிட்டால்தான் மரியாதை என்ற எண்ணம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி பூட்டித் திருவிழாவுக்குப் போன நாட்டில் இந்த எண்ணம் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை.

அம்மா முதலில் செய்தது கேட்டு எழுதிக்கொள்வது. தெருவில் ஒரு தையற்காரர் போன மாதம் மைசூர் போய்வந்தார். அவரிடம் எல்லாம் கேட்டார். மிருகக்காட்சி சாலை எந்தக் கிழமை மூடியிருக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும், டிக்கெட் எவ்வளவு, பஸ் எவ்வளவு என்று வரிசையாக நோட்டில் எழுதினார். கட்டணங்கள் அடிக்கடி மாறும். சமீபத்தில் போய்வந்தவரிடம் கேட்பதுதான் நல்லது. ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவாயிற்று. அப்பாவுக்குக் கூலி போகாது. காலையில் போய் இரவே திரும்பினால் அறையும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு லாபம் உண்டு. மைசூர் அரண்மனையில் ஞாயிறு இரவு 7 மணிக்கு விளக்கு ஏற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். ஒரே நொடியில் அரண்மனை முழுவதும் பொன் போல மின்னும். பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தபின் 1897 முதல் 1912 வரை கட்டியது இப்போதுள்ள அரண்மனை. விளக்கு அலங்காரத்தைப் பார்க்கக் காசு வேண்டாம். வெளியே தெருவில் நின்றாலும் தெரியும்.

அடுத்தது பஸ். இங்கேதான் பெரிய மிச்சம். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று சக்தி திட்டம் தொடங்கியது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருந்தால், மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநரிடம் அட்டையைக் காட்டிப் பூஜ்யம் போட்ட டிக்கெட் வாங்கிக்கொள்ளவேண்டும். சொகுசு பஸ், ஏ.சி. பஸ், படுக்கை பஸ் இவற்றுக்கு இது பொருந்தாது. வேறு மாநிலத்துக்குப் போகும் பஸ்ஸுக்கும் பொருந்தாது. ஓசூருக்கோ ஊட்டிக்கோ போகிறவர்கள் இதை நம்பி ஏறக்கூடாது.

இந்தக் குடும்பத்தில் அம்மா, பாட்டி, மகள் மூவருக்கும் பஸ் இலவசம். அப்பாவுக்கு முழு டிக்கெட். பையனுக்கு அரை டிக்கெட். ஐந்து பேருக்கு ஒன்றரை டிக்கெட்! ரயிலில் போனால் நாலரை டிக்கெட் வாங்கவேண்டும். ரயிலில் பாட்டிக்கும் முழுக் கட்டணம்தான். முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கு ஆள் பார்த்தால் ரயில் கட்டணம் குறைவு. ஆனால் இவர்கள் வீட்டுக் கணக்கில் பஸ்தான் லாபம். ஆண்கள் நிறைந்த குடும்பமாக இருந்தால் ரயில் லாபமாக இருக்கும். யாரோ சொன்னதைக் கேட்காமல் அவரவர் வீட்டு ஆளை எண்ணிக் கணக்குப் போடவேண்டும்.

பஸ் பலகை கன்னடத்தில் இருக்கும். மகள் ஒரு தாளில் மைசூர் என்று கன்னடத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அம்மா ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். பாத்திரம் தேய்க்கப் போகும் வழியில் வருகிற போகிற பஸ்ஸை எல்லாம் படித்துப் பார்த்தார்.

இனி மூட்டைக்கு வருவோம்.

பயண மூட்டையில் இரண்டு வகைத் தப்பு நடக்கிறது. ஒன்று, வேண்டியதை மறப்பது. அதற்குக் காசு போகும். இன்னொன்று, வேண்டாததைத் தூக்குவது. அதற்கும் காசு போகும். பலருக்கு இது தெரிவதில்லை. கையில் பாரம் இருந்தால் பத்து நிமிடம் நடக்கும் தூரத்துக்கும் ஆட்டோ கூப்பிடத் தோன்றும். பெரிய மூட்டை ஒவ்வொரு தெருமுனையிலும் செலவு வைக்கும்.

அம்மா கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே நோட்டில் பட்டியல் எழுதினார். பொருள் பொருளாக எழுதவில்லை. ஆள் ஆளாக எழுதினார். பாட்டி என்று போட்டு அதன் கீழே மாத்திரை, குடை, மூக்குக்கண்ணாடி, சுருக்குப் பை. பையன் என்று போட்டுத் தொப்பி, ஒரு மாற்று உடுப்பு. அப்படி எழுதினால் மறக்காது. பாட்டியை நினைத்தாலே பாட்டியின் மாத்திரையும் நினைவுக்கு வரும். மாத்திரையைப் பிரித்துக் காகிதத்தில் மடிக்கவில்லை. அட்டையோடு வைத்தார். வழியில் உடம்புக்கு ஏதாவது வந்தால் டாக்டர் மாத்திரையின் பெயரைப் பார்க்கவேண்டும் அல்லவா? டாக்டர் சீட்டின் நகல் ஒன்றையும் சேர்த்து வைத்தார்.

உடுப்பு விஷயத்தில் மகளோடு சின்னச் சண்டை. அவள் இரண்டு சுடிதார் எடுத்து வைத்தாள். போட்டோவுக்காம். போய் இரவே திரும்புகிற பயணத்துக்கு மாற்று உடுப்பு பையனுக்கு மட்டும் போதும் என்றார் அம்மா. அவள் முகம் தொங்கிப்போயிற்று. கடைசியில் ஒரு துப்பட்டா மட்டும் அதிகமாக வந்தது. வெயிலுக்கு முக்காடு போட அது உதவியது. அதனால் அதைக் குறை சொல்ல முடியவில்லை.

தடிமனான டவலை விட மெல்லிய பருத்தித் துண்டு நல்லது. எடை குறைவு. நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஒரு பழைய நூல் புடவையும் மடித்து வைத்தார்கள். அதன் பயன் கொஞ்சநஞ்சம் அல்ல. விரித்தால் உட்காரலாம். மடித்தால் தலையணை. கட்டினால் மூட்டை. பையன் தூங்கினால் போர்வை. கடையில் விற்கிற விரிப்பு எதுவும் அந்தப் பழைய புடவைக்கு ஈடாகாது. புதுச் செருப்பு யாரும் போடவில்லை. புதுச் செருப்பு கடிக்கும். கடித்தால் வழியில் இன்னொரு செருப்பு வாங்கவேண்டி வரும். நாலு ஊக்கு, கொஞ்சம் சணல் கயிறு, போன் சார்ஜர், ஒரு காலிப் பை இவையும் பட்டியலில் இருந்தன. காலிப் பை அழுக்குத் துணிக்கு.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் பத்து கிலோ. யார் தூக்குவது? பத்து கிலோவும் தூக்கவேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில். அவரவர் பாட்டிலை அவரவர் தூக்கவேண்டும். பாட்டி பாட்டிலை மட்டும் அப்பா எடுத்துக்கொள்வார். தீரத் தீர நிரப்பிக்கொள்ளலாம். பெரிய பஸ் நிலையங்களிலும் மக்கள் கூடும் இடங்களிலும் குடிநீர்க் குழாய் இருக்கும். கன்னடத்தில் 'குடியுவ நீரு' என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தையும் மகள் தாளில் எழுதிக் கொடுத்தாள். குடிநீர் என்று எழுதாத குழாயில் பிடிக்கக்கூடாது. காசு மிச்சம் என்று கண்ட தண்ணீரைக் குடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவேண்டி வரும். நல்ல குழாய் கிடைக்காவிட்டால் தயங்காமல் பாட்டில் தண்ணீர் வாங்கவேண்டும். தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது.

வெயிலில் வயிற்றுப்போக்கோ மயக்கமோ வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கவேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்கவேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. அம்மா இதைக் கணக்காக அளந்து ஒரு பொட்டலத்தில் கட்டி, மேலே '1 லிட்டருக்கு' என்று எழுதி வைத்தார். கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கிடைக்கும். கரைசலுக்குத் தெளியாவிட்டால் டாக்டரிடம் போவதில் தாமதம் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். காலைக்கு இட்லி. மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் இரண்டு பக்கமும் தடவி அடுக்கினார்கள். தேங்காய்ச் சட்னி வைக்கவில்லை. கோடையில் தேங்காய் சீக்கிரம் கெட்டுவிடும். மதியத்துக்குப் புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் செய்த புளியோதரை ஒரு நாள் தாங்கும். இங்கே முக்கியமான ஒன்று. சோறு சூடாக இருக்கும்போது டப்பாவை மூடக்கூடாது. வேர்த்து, சொதசொதத்து, மதியத்துக்குள் ஊசிப்போகும். விடிகாலை மூன்று மணிக்கு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலந்து மூடினார்கள். தயிர்ச் சோற்றுக்கு ஒரு வழி. ஆறின சோற்றில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, ஒரு கரண்டி மட்டும் தயிர் விட்டுப் பிசையவேண்டும். பஸ்ஸில் போகப் போகத் தோயும். மதியம் பிரித்தால் புளிக்காது. பையனுக்கும் பாட்டிக்கும் அதுதான் இறங்கியது. கடித்துக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய்.

சாயங்காலத்துக்குப் பொரியும் வறுத்த கடலையும். வெள்ளரிக்காய் நாலு. வீட்டில் நறுக்கி எடுத்துப் போகவில்லை. முழுசாகவே வைத்தார்கள். நறுக்கினால் தண்ணீர் விட்டுவிடும், ஈ மொய்க்கும். தட்டு எடுக்கவில்லை. மந்தார இலை பத்து வாங்கினார்கள். தின்றபின் தொட்டியில் போட்டுவிட்டால் திரும்பத் தூக்கவேண்டியது இல்லை.

சாப்பாட்டுப் பை தனி, துணிப் பை தனி. இது அம்மாவின் யோசனை. சாப்பாட்டுப் பை மதியத்துக்குள் காலியாகிவிடும். அதை மடித்துத் துணிப் பைக்குள் வைத்துவிடலாம். பாதி நாளுக்குமேல் ஒரே ஒரு பைதான். அடுக்குவதிலும் வரிசை உண்டு. முதலில் வேண்டியது மேலே. கடைசியில் வேண்டியது அடியில். இட்லி மேலே, புளியோதரை கீழே. பொரிக்கு எடை இல்லை. அது ஓரத்தில். பலர் கனமானதை மேலே வைத்து இட்லியைக் கூழாக்கிவிடுகிறார்கள்.

முதல் நாள் இரவு பையை எல்லாம் கட்டி வைத்தார்கள். சோற்றுக்குப் பதில் சாப்பாட்டுப் பையில் அதே எடைக்கு அரிசியைப் போட்டார்கள். பாட்டி, அப்பாவைக் கூப்பிட்டார். "ரெண்டு பையையும் தூக்கிட்டுத் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வாடா" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே போனார். வரும்போது சிரிப்பு இல்லை. "நாலு கிலோ கொறைக்கணும்" என்றார். முறுக்கு டப்பா, இரண்டாவது போர்வை, கண்ணாடிப் புட்டி, பையனின் கிரிக்கெட் மட்டை எல்லாம் வெளியே வந்தன. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். காசு செலவில்லாதது.

பணத்தை ஓரிடத்தில் வைக்கவில்லை. பாதி அம்மாவிடம், பாதி அப்பாவிடம். திரும்பி வரும் பஸ் காசை மட்டும் பாட்டியின் சுருக்குப் பையில் தனியாக முடிந்துவைத்தார்கள். அதை எடுக்கக்கூடாது என்பது கட்டளை. பாட்டியிடமிருந்து யாரால் எடுக்க முடியும்? பத்து ரூபாய், ஐந்து ரூபாய்ச் சில்லறையும் கொஞ்சம் மாற்றி வைத்தார்கள்.

பையன் சட்டைப் பையில் ஒரு சீட்டு. அதில் அவன் பெயர், அப்பா அம்மா இருவரின் போன் எண். பாட்டியிடமும் அதே சீட்டு. பாட்டிக்குப் படிக்க வராது, போன் போடவும் வராது. கூட்டத்தில் தவறினால் யாரிடமாவது காட்டலாம். குழந்தை காணாமல் போனால் கூப்பிட 1098 என்ற எண்ணையும் அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். இந்தச் சீட்டை அம்மாவே தன் கையால் எழுதினார். மகள் எழுதித் தருகிறேன் என்றபோதும் கொடுக்கவில்லை.

மிச்சம் பிடிக்கும் ஆசையில் செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. நீண்ட தூரம் ரயிலில் போகிறவர்கள் சிலர் அடுப்பையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் டீ போடலாம், சோறு ஆக்கலாம் என்று நினைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து கோயில்களைப் பார்க்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டரால் தீ பரவியது. 9 பேர் இறந்தார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. எரிவாயு, மண்ணெண்ணெய், பட்டாசு போன்ற தீப்பற்றும் பொருள்களை ரயிலில் கொண்டு போவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பக்கத்தில் யாராவது அப்படி எடுத்து வந்தாலும் 139 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். பொல்லாப்பு எதற்கு என்று இருக்கக்கூடாது.

ரயில் பேச்சு வந்ததால் ரயிலில் போகிறவர்களுக்கு இன்னும் சில செய்திகள். 5 வயது ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் என்றால், தனிப் படுக்கை கேட்காதவரை அரை டிக்கெட். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை சாமான் இலவசமாகக் கொண்டு போகலாம். இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. முன்பதிவை 60 நாள் முன்பிருந்து செய்யலாம். கோடைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கவேண்டும். கடைசி நேரத் தட்கல் டிக்கெட்டுக்குக் கூடுதல் காசு. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. ரயில் நிலையச் சாமான் அறையில் பை வைக்கவேண்டும் என்றால் பையில் பூட்டு இருக்கவேண்டும். வயர் கூடையை அங்கே வாங்கமாட்டார்கள்.

மைசூருக்கு வருவோம். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இவர்கள் பஸ் நிலையத்தில் இருந்தார்கள். அப்பா முன்னால் நின்ற பஸ்ஸில் கால் வைக்கப்போனார். அம்மா பலகையைப் பார்த்தார். மைசூர்தான். ஆனால் அது சொகுசு பஸ். "அது இல்லீங்க. அங்க பாருங்க, அந்தச் சாதா பஸ்லயும் மைசூர்னு எழுதியிருக்கு" என்று காட்டினார். அப்பா ஒரு நிமிடம் பஸ்ஸைப் பார்த்தார், ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

மிருகக்காட்சி சாலை எட்டரை மணிக்குத் திறக்கும். 1892-இல் தொடங்கிய பழைய இடம். நிழல் நிறைய. வெயில் ஏறுவதற்குள் பார்த்து முடிப்பது நல்லது. மிருகங்களும் காலையில்தான் நடமாடும். மதியம் போனால் புலி தூங்கும். பையன் ஒட்டகச்சிவிங்கியை அரை மணி நேரம் பார்த்தான். வரமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

மதியம் வெளியே ஒரு மரத்தடியில் பழைய புடவையை விரித்துச் சாப்பிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வேறொரு குடும்பமும் டிபன் கேரியரைப் பிரித்திருந்தது. அவர்கள் கொஞ்சம் பிசிபேளா பாத் கொடுத்தார்கள். இவர்கள் புளியோதரை கொடுத்தார்கள். வெயில் தாழும்வரை பாட்டி அங்கேயே படுத்தார். இந்த ஓய்வை விடக்கூடாது. ஒரே நாளில் எல்லா இடத்தையும் பார்க்கவேண்டும் என்று ஓடுகிறவர்கள்தான் ஆட்டோவுக்கு அழுகிறார்கள். அரண்மனை உள்ளே போகவில்லை. போன ஆண்டே பார்த்தாயிற்று. நாலு மணிக்கு நகர பஸ்ஸில் சாமுண்டி மலைக்குப் போனார்கள். அதிலும் பெண்களுக்கு இலவசம். மலைக்கு ஆயிரம் படிகள் உண்டு. பாதி வழியில் ஒரே கல்லில் செய்த பெரிய நந்தி. படி ஏறவேண்டும் என்று மகளுக்கு ஆசை. பாட்டியின் முழங்காலை நினைத்து அதை விட்டுவிட்டார்கள். இரவு ஏழு மணிக்கு அரண்மனை முன்னால் நின்றார்கள். விளக்கு எரிந்ததும் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். கோயில் இல்லை, அரண்மனை என்று பேத்தி சொன்னாள். "இருக்கட்டுமே" என்றார் பாட்டி.

எல்லாச் சிக்கனமும் பார்த்தாலும் ஆசைக்கென்று கொஞ்சம் காசு ஒதுக்கியிருந்தார்கள். பையனுக்கு ஒரு பொம்மை, எல்லோருக்கும் ஐஸ், அம்மாவுக்கும் மகளுக்கும் மைசூர் மல்லிகை. இதுவும் இல்லாவிட்டால் பிள்ளைகள் அடுத்த ஆண்டு கூட வரமாட்டார்கள்.

நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் டப்பாவில் எண்ணிப் பார்த்தால் 420 ரூபாய் மீதி. அம்மா நோட்டை எடுத்துப் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். போனபடியே திரும்பி வந்த பொருள்களைக் கோடு போட்டு அடித்தார். சணல் கயிறு, வெள்ளரிக்காய் இரண்டு, பொரியில் பாதி. இல்லையே என்று தவித்ததைப் புதிதாகச் சேர்த்தார். கைக்குட்டை, பஸ்ஸில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு காகிதப் பை. பையன் ராமநகரத்துக்கு அருகில் அதைக் காட்டிக்கொடுத்திருந்தான்.

"வேற என்ன அத்தை வேணும்?" என்று கேட்டார் அம்மா.

பாட்டி யோசித்தார். "பனை விசிறி ஒண்ணு எழுது" என்றார்.